மியூட்டில் ஒன்பது விநாடி

அந்த ஒன்பது விநாடியை நான் ஏழு தடவை கேட்டேன். ஏழாவது தடவை கேட்டு முடித்ததும் ஹெட்ஃபோனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, பாதி கடித்த பிஸ்கட்டைக் குப்பைக்கூடையில் போட்டேன். பிஸ்கட்டை வீணடிக்கிற ஆளில்லை நான்.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒன்றும் புரியாது. உயிருக்கு ஆபத்து என்றால் ஜனங்கள் போன் செய்கிற இடம் எங்களுடையது. பெரிய கூடத்தில் பன்னிரண்டு பேர் ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆம்புலன்ஸை அனுப்புவார்கள், அது போய்ச் சேரும்வரை என்ன செய்ய வேண்டும் என்று போனிலேயே சொல்லிக்கொடுப்பார்கள். மூச்சு நின்றுவிட்டது, ரத்தம் கொட்டுகிறது என்பதெல்லாம் திரையில் சிவப்பாக வரும், அது ரெட். தலைசுற்றல், கால் சுளுக்கு, என்னவோ பயமாக இருக்கிறது என்பதெல்லாம் பச்சை, அது கிரீன். ரெட் கால் வந்தால் எடுத்தவர் இடது கையைத் தூக்கிக்கொள்ள வேண்டும். கை தூக்கியிருக்கிறவரிடம் கூடத்தில் யாரும் பேச மாட்டார்கள், பக்கத்தில் நாற்காலியைக்கூட இழுக்க மாட்டார்கள்.

நான் அந்தக் கூடத்தை ஒட்டிய கண்ணாடி அறையில் உட்கார்ந்து, முந்தின நாள் வந்த ரெட் பதிவுகள் அத்தனையையும் கேட்டு மார்க் போடுகிறவள். பதினெட்டு வருஷமாக இதே நாற்காலி. கூடத்தில் எனக்கு 'ஒட்டுக்கேட்பு அக்கா' என்று பெயர். முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் ஒட்டுக்கேட்பு. கிரீன் கால்களை யாரும் கேட்பதில்லை. ஒரு நாளைக்கு எண்ணூறு வரும், யாருக்கு அத்தனை பொறுமை?

இன்னொரு விஷயமும் உண்டு. அழைத்தவருக்குக் கேட்காமல் பக்கத்து ஆளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மியூட் போடுவார்கள். பழைய மெஷினில் மியூட் போட்டால் பதிவும் நின்றுவிடும். போன வருஷம் வந்த புது மெஷினில் அப்படியில்லை. அழைத்தவருக்குத்தான் கேட்காது, பதிவு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். கூடத்தில் யாருக்கும் இது தெரியாது. இரண்டாம் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. "இதுக்கும் அந்த ஒட்டுக்கேட்பு மார்க் கொறைக்கும் பாரு" என்று மியூட்டில் ஒருத்தி முணுமுணுத்ததைக் கேட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் மேலாளரிடம்கூட மூச்சு விடவில்லை. மியூட்டில் ஒருத்தி அழுவாள். ஒருத்தர் கெட்ட வார்த்தையில் அர்ச்சனை நடத்துவார். ஒருத்தர் கடவுளைக் கூப்பிடுவார். நாளெல்லாம் அடுத்தவர் கதறலைக் காதில் வாங்குகிறவர்களுக்கு அந்தச் சில விநாடிதான் சொந்தம். அதையும் பிடுங்கிக்கொண்டால் நான் ஒரு மனுஷியா?

அன்று நான் கேட்ட பதிவில் ஒரு பெண்ணின் புருஷன் குளியலறையில் விழுந்து கிடந்தார். பேச்சு மூச்சில்லை. எடுத்தவன், கூடத்தில் எல்லாரும் தங்கக்கம்பி என்று கூப்பிடுகிற பையன். "அழாதீங்கம்மா, நான் உங்ககூடவேதான் இருக்கேன். ரெண்டு கையையும் அவர் நெஞ்சு நடுவுல வைங்க" என்றான். குரல் தழுதழுத்தது. கேட்டால் கல்லும் கரையும். அப்புறம் மியூட் போட்டான். ஒன்பது விநாடி, ஒரு பாட்டை முனகினான். உற்சாகமான, துள்ளலான மெட்டு, குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது முனகுகிற மாதிரி. மியூட்டை எடுத்தான், மறுபடியும் அதே தழுதழுத்த குரல். அந்தப் புருஷன் பிழைக்கவில்லை.

தங்கக்கம்பிக்கும் என் மகளுக்கும் இன்னும் ஐந்து வாரத்தில் கல்யாணம்.

அவனை வீட்டுக்குக் கூட்டிவந்தவளே நான்தான். வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. கூடத்தில் அவனுக்கு அந்தப் பெயர் வைத்ததும் சும்மா இல்லை. யாருக்குப் பிறந்தநாள், யார் வீட்டில் யாருக்கு மூட்டுவலி, எல்லாம் அவனுக்கு மனப்பாடம். ஒரு ரெட் கால் கெட்ட விதமாக முடிந்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் ஓரமாகப் போய் நிற்பான். கூடமே அவனுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கும். இப்படி ஒரு மனசு யாருக்கு வரும் என்று நானும் உருகினேன். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற என் மகளுக்கு முப்பது ஆகப்போகிறது, நல்ல பையன், கையில் வெண்ணெய் இருக்க நெய்க்கு அலைவானேன் என்று ஒருநாள் சாப்பிடக் கூப்பிட்டேன். அன்றைக்கே என் வீட்டுக்காரரோடு உட்கார்ந்து அவர் ஓட்டின பஸ்களைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினான். நான் கல்யாணமான நாள் முதல் அந்தப் பேச்சைக் கேட்டு ஓடுகிறவள். மனுஷன் அதிலேயே மயங்கிவிட்டார்.

ஆபீஸில் என்னை அக்கா என்பான், எங்கள் வாசற்படியைத் தாண்டினதும் அத்தை என்பான். ஒருநாள்கூட மாற்றிச் சொன்னதில்லை. முதலில் அது எனக்குச் செல்லமாக இருந்தது. அந்த ஒன்பது விநாடிக்குப் பிறகு அதுவும் உறுத்த ஆரம்பித்தது. ஒருமுறைகூட நாக்கு குழறாதா ஒரு மனுஷனுக்கு?

சந்தேகம் வந்துவிட்டால் கேட்பதெல்லாம் அபஸ்வரம்தான். தன் அம்மா செத்தபோது தனக்கு ஏழு வயது என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறான், என் மகளிடம் பன்னிரண்டு. "அப்பாவுக்குக் காது மந்தம்மா, உனக்கு என்ன?" என்றாள் மகள். இருக்கலாம். என் வீட்டுக்காரரின் காது பஸ் எஞ்சினோடு போனது உண்மைதான். ஒரு வாரப் பத்திரிகையில் 'உங்கள் பக்கத்தில் இருப்பவர் மனசாட்சி இல்லாதவரா?' என்று இருபது கேள்வி போட்டிருந்தார்கள். அவனுக்குப் போட்டுப் பார்த்தேன், பதினாறு. கைப்பழக்கத்தில் எனக்கும் போட்டுப் பார்த்தேன், பதினொன்று. பத்திரிகையை மடித்து ஜன்னல் துடைக்க வைத்துக்கொண்டேன்.

மகளிடம் நேராகக் கேட்க வாய் வரவில்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஒரு மழை நாள் சாயந்திரம் முழங்கால்வரை நனைந்து வந்தாள்.

"எங்கடி போனே? தொப்பலா நனைஞ்சிருக்கே?"

"கடை வாசல்ல நின்னேம்மா, ஒரு மணி நேரம். இதோ வந்துட்டேன், இதோ வந்துட்டேன்னு போன்ல சொல்லிட்டே இருந்தார். கடைசில வர முடியலையாம், பாவம்."

"உள்ள போய் உக்கார்றதுதானே? நீ வேலை பார்க்கற கடைதானே?"

"உள்ள போயிட்டா அவருக்குத் தெரியாதேம்மா. அங்கயே நில்லு, அப்பதான் வண்டில வர்றப்போ கண்ணுல படுவேன்னார்."

"காதல் வந்தா கால் வலிக்காது போல" என்று துண்டை எடுத்து அவள் தலைமேல் போட்டேன். அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். என்னை என்ன சொல்ல!

மாதம் ஒருமுறை எங்கள் ஆட்களோடு பேசுவதற்கு மனநல டாக்டர் அம்மா ஒருத்தர் வருவார். மாடியில் டீ குடிக்கிற அறையில் அவரைத் தனியாகப் பிடித்தேன். எனக்குத் தெரிந்த ஒருத்தர் என்று ஆரம்பித்துச் சொன்னேன். அந்த அம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியாதா?

"ஒன்பது விநாடி பாட்டை வச்சு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்மா. ஒருத்தர் அழுவாங்க, ஒருத்தர் முனகுவாங்க. பதற்றத்தை எறக்கி வைக்க ஆளுக்கு ஒரு வழி. நீங்க அந்தப் பதிவெல்லாம் கேக்கும்போது என்ன பண்ணுவீங்க?"

"பிஸ்கட் சாப்பிடுவேன்."

அவர் டீயை ஊதிக் குடித்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"சரி, அப்படிப்பட்ட ஆளுங்க நிஜமாவே இருக்காங்களா டாக்டர்? ஒண்ணுமே உறைக்காதவங்க?"

"இருக்காங்க. எல்லாரும் கத்தியைத் தூக்கிட்டுத் திரியறவங்கன்னு நினைச்சுடாதீங்க. நிறைய பேர் இஸ்திரி போட்ட சட்டையோட ஆபீஸ் போயிட்டு வர்றாங்க. அடுத்தவங்களுக்கு வலிச்சா நமக்குள்ள சுருக்குனு ஒண்ணு தைக்குது பாருங்க, அது அவங்களுக்குத் தைக்காது. பயமும் கம்மி. ஆனா நம்ம முகத்தை நல்லாப் படிப்பாங்க. எங்க அழணும், எங்க சிரிக்கணும்னு பார்த்துப் பார்த்துக் கத்துக்குவாங்க."

"இவங்களையெல்லாம் எதுக்கு வச்சிருக்கு இந்த உலகம்?"

"கை நடுங்கக் கூடாத வேலை எத்தனை இருக்கு! அதுக்கெல்லாம் நாமளே கூப்பிட்டு நாற்காலி போட்டு, கைதட்டி உக்கார வைக்கிறோம். கொஞ்சம் பேர் யாருக்கும் கெடுதல் பண்ணாமலே வாழ்ந்துட்டும் போயிடுவாங்க. அதனால உள்ள என்ன இருக்குன்னு தோண்டாதீங்க, அது உங்களால முடியாது. தனக்கு ஒண்ணுக்கும் உதவாத ஆளுகிட்ட, யாரும் பார்க்காத எடத்துல, அவர் எப்படி நடந்துக்கறார்? அதை மட்டும் பாருங்க."

யாரும் பார்க்காத இடத்தை நான் எங்கே போய்ப் பார்ப்பது? வீட்டுக்குப் போய்க் கல்யாணத்துக்கு அழைக்க வேண்டியவர்களின் பட்டியலை எழுதினேன். எழுத எழுத மனசு கசந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். என் அறையில் உட்கார்ந்து யாருடைய பதிவையோ கேட்டுக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தங்கக்கம்பியின் இடது கை மேலே போயிற்று. ரெட் கால். சாதாரணமாக ரெட் கால் எடுத்தவர்கள் திரையை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்கள். அவன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். பார்த்துச் சிரித்தான், ஒரு நல்ல சேதி வைத்திருக்கிறவன் சிரிக்கிற மாதிரி. நானும் மரியாதைக்குச் சிரித்துவைத்தேன். எழுந்து போய் டீ எடுத்துக்கொண்டு வந்தேன். டீ தீர்ந்து, டம்ளரைக் கழுவி வைத்தபிறகும் அந்தக் கை இறங்கவில்லை.

இருபத்து நான்கு நிமிஷம் கழித்து என் கதவைத் திறந்தான். கண் நிறையத் தண்ணீர்.

"அத்தை, மாமாவுக்கு நெஞ்சு நின்னு போச்சு. இப்ப ஓடுது. வண்டில ஏத்திட்டாங்க. வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

ஆபீஸில் அவன் என்னை அத்தை என்றது அதுதான் முதல் தடவை. போன் செய்தது என் மகள். அவளுக்கு அன்று வார விடுமுறை. நெஞ்சை அமுக்கினது அவள், ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று சொல்லிக்கொடுத்தது அவன். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அவன் தோளில் சாய்ந்து வாய்விட்டு அழுதேன். அந்த நிமிஷம் அவன் என் உயிரைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

"அப்பவே ஏன்ப்பா சொல்லலை?" என்று வண்டியில் போகும்போது கேட்டேன்.

"நீங்க பதறிட்டா எனக்குக் கை ஓடாது அத்தை" என்றான். நியாயம்தான்.

வீட்டுக்காரருக்கு இரண்டு விலா எலும்பு முறிந்தது, மற்றபடி ஆள் குத்துக்கல்லாக எழுந்து உட்கார்ந்தார். "இனிமே என் உயிர் அந்தப் பையன் போட்ட பிச்சை" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். மகள் அவன் கையைப் பிடித்தபடி இருந்தாள். கல்யாணத்துக்கு மூன்று வாரம்.

சொந்தக்காரர் பதிவுக்கு நான் மார்க் போடக் கூடாது என்பது சட்டம். மேலாளர் போட்டுவிட்டார், பத்துக்குப் பத்து. ஆனாலும் நான் கேட்டேன். என் பிள்ளை "அப்பா, அப்பா" என்று கதறுவதைக் கேட்க முடியாமல் மூன்று முறை நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். இரண்டு தடவை மியூட் போட்டிருந்தான். இரண்டிலும் அதே மெட்டு.

ஆனால் இரண்டாவது மியூட்டில் ஒன்று கவனித்தேன். அந்த மெட்டின் தாளமும், மியூட்டை எடுத்ததும் "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று அவன் எண்ணின வேகமும் அச்சாக ஒன்றாக இருந்தன. நெஞ்சை அமுக்க ஒரு வேகம் இருக்கிறது, அது தப்பக் கூடாது. அடக் கடவுளே, பையன் தாளம் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறான்! அதைத்தான் நான் பேய் பிசாசு என்று நினைத்து இரண்டு வாரமாகப் புழுங்கியிருக்கிறேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அன்று சாயந்திரம் வீட்டுக்கு வந்தவனுக்கு விழுந்து விழுந்து உபசாரம் செய்தேன். "என்ன அத்தை, இன்னிக்கு ஒரேயடியா கவனிக்கிறீங்க?" என்று சிரித்தான்.

மூன்று நாள் நிம்மதியாகத் தூங்கினேன். நாலாம் நாள் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அந்தச் சிரிப்பு ஞாபகத்துக்கு வந்தது. கையைத் தூக்கிக்கொண்டு, திரையில் என் வீட்டு முகவரியை வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தானே, அதற்கு எந்தத் தாளம்?

யாரும் பார்க்காத இடம் எது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினெட்டு வருஷமாக என் மூக்குக்குக் கீழேயே இருந்திருக்கிறது. கிரீன் கால்கள்.

அடுத்த வாரம் முழுக்க ஷிப்டுக்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே போய் உட்கார்ந்தேன். கடந்த ஆறு மாதத்தில் அவன் எடுத்த கிரீன்களை வரிசையாகக் கேட்டேன். முதல் நாற்பதில் சொக்கத்தங்கம். குழந்தைக்குக் காய்ச்சல் என்ற அம்மாக்களிடம் அவன் பேசினதைப் பாடமாகவே வைக்கலாம். ஹெட்ஃபோனைக் கழற்றிவிடலாம் என்று நினைத்தபோதுதான் நாலாம் மாடிக்காரர் வந்தார்.

அவரைக் கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நாலாம் மாடியில் தனியாக இருக்கிற வயசானவர். வாரத்துக்கு மூன்று தடவை போன் செய்வார். நெஞ்சு படபடவென்கிறது என்பார். சோதித்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது, தனிமைதான் வியாதி. சிலர் அவர்மேல் எரிந்து விழுவார்கள், சிலர் இரண்டு நிமிஷம் பேசி வைத்துவிடுவார்கள். தங்கக்கம்பி எரிந்து விழவில்லை.

"ஐயா, பயப்படாதீங்க. வண்டி கெளம்பிடுச்சு. நீங்க மெதுவா எறங்கி வந்து வாசல் கேட் பக்கத்துல நில்லுங்க. உக்காந்துடாதீங்கய்யா, உக்காந்தா டிரைவர் கண்ணுல பட மாட்டீங்க. நின்னுட்டே இருங்க, என்ன?"

ஆம்புலன்ஸ் அனுப்பின பட்டியலைப் பக்கத்தில் திறந்து பார்த்தேன். அந்த நேரத்தில் அந்த முகவரிக்கு எந்த வண்டியும் போகவில்லை. இருபது நிமிஷம் கழித்து அவர் மறுபடியும் கூப்பிட்டிருந்தார், அதுவும் இவனுடைய இணைப்புக்கே திருப்பப்பட்டிருந்தது.

"தம்பி, முட்டி ரொம்ப வலிக்குது. அந்தப் படில கொஞ்சம் உக்காரட்டுமா?"

"ஐயோ, வேணாம்யா! வளைவுல திரும்பிட்டாங்க. இதோ, வந்துட்டாங்க."

மியூட். அந்த மெட்டு. இங்கே அமுக்குவதற்கு எந்த நெஞ்சும் இல்லை. எண்ணுவதற்கு எந்தத் தாளமும் இல்லை. அவசரமில்லாமல், முழுசாக, சந்தோஷமாக முனகினான்.

"தம்பி, மழை வருது தம்பி."

"தெரியுதுய்யா. அங்கயே நில்லுங்க."

ஐம்பது நிமிஷம். கடைசியில், வண்டி வேறு அவசரத்துக்குத் திருப்பிவிடப்பட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள், மேலே போய்ப் படுங்கள் என்றான். "பரவாயில்ல தம்பி, உங்களுக்குத்தான் என்னால தொந்தரவு" என்றார் அந்தப் பெரியவர். நாலு மாடி. ஆறு மாதத்தில் இப்படிப் பதினாலு தடவை.

இதில் அவனுக்கு என்ன லாபம் என்று தலையை உடைத்துக்கொண்டேன். காசா, பேரா, கைதட்டலா? ஒன்றுமே இல்லை. நிற்க வைக்க முடிந்தது, நிற்க வைத்தான். ஏதாவது லாபத்துக்குச் செய்திருந்தால்கூடக் கொஞ்சம் புரிந்திருக்கும்.

கல்யாணத்துக்கு எட்டு நாள். வெளியாளுக்குப் பதிவைப் போட்டுக்காட்டினால் வேலை போகும். தவிர, மியூட் ரகசியமும் அதோடு வெளியே வரும், கூடம் மொத்தமும் என்மேல் காறித் துப்பும். இரண்டையும் யோசித்தேன். சனிக்கிழமை மதியம் மகளை ஆபீஸுக்கு வரச் சொன்னேன்.

வரும்போதே முறைத்துக்கொண்டு வந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் உட்கார்ந்திருந்தான். இவளைப் பார்த்ததும் கை அசைத்தான், இவளும் அசைத்தாள்.

"என்னம்மா உனக்கு? அவரைப் பார்த்தாலே மூஞ்சி கோணுது. அப்பாவே சொல்லிட்டார், உனக்கு அவர்மேல ஏதோ இருக்குன்னு."

"உக்காருடி. ஒரு பதிவு கேளு."

"யாரோட பதிவும் எனக்கு வேணாம். அப்பா உயிரோட இருக்கார்ல? அவரால இருக்கார்ல? அவர் போன்ல என்ன பேசியிருந்தா எனக்கென்ன?"

"அதுக்கு நான் சாகற வரைக்கும் அவனுக்குக் கடன்பட்டவதான். ஆனா கல்யாணம் பண்ணிக்கப்போறது நீ. கேட்டுட்டுப் போ. அப்புறமும் பண்ணிக்கறேன்னா நான் வாயைத் திறக்க மாட்டேன். சத்தியம்."

வேண்டாவெறுப்பாக ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அந்தக் குரலைக் கேட்டதும் பழக்கதோஷத்தில் உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. அப்புறம் புருவம் சுருங்கிற்று. எந்த இடத்தைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும், அத்தனை தடவை கேட்டிருந்தேன். 'உக்காந்தா டிரைவர் கண்ணுல பட மாட்டீங்க.' அவள் விரல் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. அழுவாள், கத்துவாள், என்மேல் எரிந்து விழுவாள் என்று காத்திருந்தேன். ஒன்றும் செய்யவில்லை. கடைசிவரை கேட்டுவிட்டு மெதுவாகக் கழற்றி வைத்தாள்.

"எத்தனை தடவைம்மா?"

"பதினாலு."

"நான் அதுக்கு மேல நின்னிருக்கேன்" என்றாள்.

நான் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டேன்.

"எங்க கடைக்கு எதிர்ல மாடியில ஒரு டீக்கடை இருக்கும்மா. அன்னிக்கு மழையில நிக்கும்போது அந்த ஜன்னல்ல அவர் மாதிரியே ஒருத்தர் உக்காந்திருந்தார், போனைக் காதுல வச்சுக்கிட்டு. இதோ வந்துட்டேன், இதோ வந்துட்டேன்னு இந்தப் பக்கம் இவர் என் போன்ல சொல்லிட்டு இருந்தார். அதனால அது வேற யாரோன்னு நெனச்சேன்."

எழுந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். அவன் மறுபடியும் கை அசைத்தான். இவள் இரண்டு கையையும் பையின் வாரைப் பிடித்தபடி வைத்துக்கொண்டாள். அவன் கை மெதுவாக இறங்கிற்று. என்னைப் பார்த்தான், அப்புறம் என் மேசைமேல் இருந்த ஹெட்ஃபோனைப் பார்த்தான்.

கல்யாணம் நின்றது. "உங்க இஷ்டம் அத்தை" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனான். மறுநாள் ஆபீஸில் "குட் மார்னிங் அக்கா" என்றான். நாக்கு குழறவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. உயிரைக் கொடுத்தவனுக்குக் கொடுக்கிற மரியாதையா இது என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.

பதினாலு பதிவையும் மேலாளரிடம் கொண்டுபோனேன். அவர் கேட்டார், வியர்த்தார், ஃபேனை வேகமாக வைத்தார். "மியூட்டையும் பதிவு பண்றோம்னு தெரிஞ்சா எல்லாரும் வேலையை நிறுத்திட்டு வாசல்ல உக்காந்துடுவாங்களே!" என்றார். அந்தப் பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றார். ரெட் காலில் இவனைப்போல உயிர் மீட்டவன் இந்தக் கட்டடத்திலேயே கிடையாது என்று ஒரு பட்டியலைக் காட்டினார். அந்தப் பட்டியலில் என் வீட்டுக்காரர் இருந்தார். விசாரணை நடந்தது. வெளியாளுக்குப் பதிவைக் காட்டினதற்கு எனக்கு மெமோ. அவனைக் கிரீன் காலிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி அவனுக்கு ரெட் கால் மட்டும்.

நாலாம் மாடிக்காரருக்கு நானே போன் செய்தேன். இனிமேல் கீழே இறங்க வேண்டாம், மேலேயே உட்கார்ந்திருங்கள், வண்டிக்காரர்கள் வந்து கதவைத் தட்டுவார்கள் என்றேன். "உக்காந்தா தெரியாதேம்மா" என்றார். மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். சரி சரி என்றார், நம்பவில்லை.

விசாரணையில் மியூட் விஷயம் வெளியே வந்துவிட்டது, வராமல் இருக்குமா? இப்போது கூடத்தில் மியூட் போட்டுவிட்டு யாரும் அழுவதில்லை. யாரும் என்னைத் திட்டுவதுகூட இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நான் அறைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. அவர்களுடைய அந்தச் சில விநாடியை நான்தான் பிடுங்கினேன். அது என் நெஞ்சில் முள்ளாகவே இருக்கிறது.

நேற்று அவனுடைய பதிவு ஒன்று வந்தது. படிக்கட்டில் உருண்டு விழுந்த ஒரு சின்னப் பெண், ரத்தம் நிற்கவில்லை. துணியை எங்கே வைத்து எப்படி அழுத்த வேண்டும் என்று அவளுடைய அண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்தான். ஒரு வார்த்தை கூடுதல் இல்லை, குறைவு இல்லை. நடுவில் மியூட் போட்டான். பதினோரு விநாடி, மெட்டு இல்லை. அழுதான். முதலில் ஒரு விம்மல், அப்புறம் மூச்சை இழுத்துப் பிடிக்கிற சத்தம், அப்புறம் "கடவுளே, இந்தப் பிள்ளையைக் காப்பாத்து" என்று உடைந்த குரலில் ஒரு முனகல். முன்பெல்லாம் கூடத்தில் மற்றவர்கள் எப்படி அழுவார்களோ, அதே வரிசை, அதே அளவு. கூடத்தில் இப்போது மியூட்டில் அழுகிறவன் அவன் ஒருவன்தான். யார் கேட்பதற்காக அழுகிறான் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும்.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். பத்துக்குப் பத்து போட்டேன்.